ஒரு கையால் தூக்கிய மிதவை

என்னைப் போல ஒரு மடையனை நீங்கள் பார்த்திருக்க முடியாது. நடுக்கடலில் படகு மூழ்கினால் ஆளைக் காப்பாற்ற மிதவை ஒன்று வைத்திருப்பார்கள். வெள்ளைப் பெட்டிக்குள் மடித்திருக்கும், கயிற்றை இழுத்தால் வாயு நிரம்பிக் கூடாரம் மாதிரி விரியும். அதை நான் மேடையில் ஒரே கையால் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். நாலு பேர் ஏறும் மிதவை, பெரிய மூட்டை அரிசியைவிடக் கனக்க வேண்டியது. மண்டபமே கைதட்டியது. எனக்கு அப்போது ஒரு சந்தேகமும் வரவில்லை. பயணத்துக்காகத் தினமும் எடுத்த தண்டால் இவ்வளவு சீக்கிரம் வேலை செய்கிறதே என்று பெருமையாக இருந்தது.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. சன்னல் இல்லாத அறை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு போட்டு, கண் மட்டும் வெளியே தெரிய, இருபது வருடமாகக் கணினிச் சில்லுகளோடு குடித்தனம். அங்கே தூசிக்கு அனுமதி கிடையாது, காற்றுகூட வடிகட்டித்தான் உள்ளே வரும். ஒரு நாளாவது வடிகட்டாத காற்றில் நிற்க வேண்டும், சுற்றிலும் தண்ணீர் தவிர எதுவும் தெரியக்கூடாது என்று ஓர் ஆசை. அவ்வளவுதான் காரணம். ஜெலுத்தோங் கரையில் யாரோ கைவிட்டுப் போன பாய்மரப் படகை வாங்கினேன். நாகப்பட்டினம் வரை போவதாக அறிவித்தேன். சம்பளமில்லாத விடுப்பும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எனக்குப் பாய் கட்டத் தெரியும், சமைக்கத் தெரியும், பயப்படத் தெரியும். கடல் தெரியாது. அதற்கு அண்ணன் இருந்தார். உறவு முறையில் அண்ணன் இல்லை, பட்டர்வொர்த் ஃபெரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க அக்கரைக்கும் இக்கரைக்குமாகப் போய் வந்தவருக்கு, திரும்பி வராத பக்கமாக ஒரு தடவை போக வேண்டும் போலிருந்தது. அவர் போட்டது ஒரே நிபந்தனை.

“மிதவை இருந்தா வரேன். இல்லன்னா நீ மட்டும் போ. காத்து மேற்க தள்றது பங்குனி வரைக்கும்தான், அதுக்கப்புறம் எதுத்து அடிக்கும். அதுக்குள்ள பாரு.”

மிதவையின் விலையைக் கேட்டதும் எனக்கு ஸ்பான்சர் ஞாபகம் வந்தது. நல்ல பாய், வானொலி, ஆபத்தில் சமிக்ஞை அனுப்பும் கருவி, மிதவை என்று கேட்டுக்கொண்டு பினாங்கில் நான் ஏறாத படி இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். நல்ல முயற்சி தம்பி, ஆனா தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் இருக்கு, அது முடியட்டும். நம் முன்னோர் கப்பலில் வந்த வழியே திரும்பிப் போகிறேன் என்று உருக்கமாக ஒரு வரி தயார் செய்திருந்தேன். ஒரு கடைக்காரர் கண் கலங்கினார். கலங்கிய கண்ணோடு ஒரு நாள்காட்டி கொடுத்தார்.

வழி சொன்னது என் மனைவிதான்.

“பயணத்துக்குன்னு கேட்டா யார்ங்க கொடுப்பா? நடுக்கடல்ல யார் போய் பேனரைப் பாக்கப் போறா? விழாவுக்குன்னு கேளுங்க. மேடை, மாலை, போட்டோ. அப்பத் தருவாங்க.”

அவள் சொன்னது அப்படியே பலித்தது. வழியனுப்பு விழா என்று வாயைத் திறந்ததும் கதவுகளும் திறந்தன. மண்டபம் ஒருவர், ஒலிபெருக்கி ஒருவர், சாப்பாடு ஒருவர். மசாலா ஆலைக்காரர் பெட்டி பெட்டியாக மீன் கறித்தூள் அனுப்பினார். முதுகு முழுக்கக் கடைப் பெயர் அச்சடித்த சட்டைகள் வந்தன. எனக்கும் கை பழகிவிட்டது. எதைக் கேட்டாலும் விழாவுக்கு, விழாவுக்கு என்றே கேட்டேன். கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும், டத்தோ பட்டம் வாங்கிய ஒரு முதலாளியைப் போய்ப் பார்த்தபோதும் அதே பாட்டு.

“டத்தோ, விழாவுக்கு ஒரு மிதவை வேணும்.”

“விழாவுக்கா? நானே வந்து மேடையில கொடுக்கிறேன் தம்பி.”

தைப்பூசம் முடிந்து, மண்டபம் கிடைத்து, விழா நடந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். டத்தோ மிதவையைக் கொடுத்தார், நான் தூக்கினேன். என் மனைவி முதல் வரிசையில் அழுதாள். மேடையில் நான் இப்படிப் பலசாலியாகிக்கொண்டிருந்தபோது அண்ணன் பின்னால் பந்தியில் இருந்தார்.

மறுநாள் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “பெட்டி மேல தேதி பாத்தியா? இதையெல்லாம் தொறந்து சோதிச்சு முத்திரை போடணும். அக்கரையில, பிறை ஊர்ல ஒரு பட்டறை இருக்கு, கொண்டு போவோம்.”

அந்தப் பட்டறையில் ஒரு சீனர் பெட்டியைக் கையில் வாங்கியதுமே ஒரு மாதிரி பார்த்தார். வாரை அறுத்து மூடியைத் தூக்கினார். உள்ளே எட்டிப் பார்த்தவர் என் முகத்தையும் பார்த்தார்.

“போஸ், கோசோங் லா.”

ரொட்டி கோசோங் என்று தினமும் காலையில் கேட்டுச் சாப்பிடுகிற வாய்தான் என்னுடையது. உள்ளே ஒன்றும் இல்லாத ரொட்டி. ஆனாலும் நான் குனிந்து, கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். நாலு பேர் ஏறும் மிதவை மூலையில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கலாம் இல்லையா? சீனர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. பெட்டியில் மீன் வளர்க்கலாம் என்று மலாயில் யோசனை சொன்னார்.

அண்ணன் வெளியே போய்க் காரில் உட்கார்ந்துவிட்டார். நான் அங்கேயே நின்று டத்தோவுக்குப் போன் போட்டேன்.

“டத்தோ, உள்ள ஒண்ணுமே இல்ல டத்தோ.”

“ஆமா தம்பி, அது கண்காட்சியில வைக்கிற பெட்டி. ஏன், என்னாச்சு?”

“நாங்க கடலுக்குப் போறோமே!”

“நீங்க விழாவுக்குன்னுதானே கேட்டீங்க?” அவர் குரலில் உண்மையான குழப்பம் இருந்தது. “உண்மையானது வேணும்னா அது வேற கணக்கு லா. தீபாவளி முடியட்டும், பேசுவோம்.”

அவரைக் குறை சொல்ல வழியே இல்லை. கேட்டதைக் கொடுத்தார். கேட்டவன் நான்.

அதற்குப் பிறகு ஊருக்குள் நடமாடுவது பெரும்பாடாகிவிட்டது. வழியனுப்பப்பட்டவன் இரண்டு வாரம் கழித்து பாசாரில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றால் சனங்கள் என்ன நினைப்பார்கள்? தலைக்கவசத்தைக் கழற்றாமல் மீன் வாங்கினேன். மீன்காரர் தலைக்கவசத்துக்குள் உற்றுப் பார்த்தார்.

“அண்ணே, நீங்க இந்தியாவுல இல்ல இருக்கணும்?”

“காத்து சரியில்ல தம்பி.”

“இங்க நல்லாத்தானே அடிக்குது?”

நல்லாத்தான் அடித்தது. அதுதான் வயிற்றெரிச்சல். தினமும் கரையில் நின்று பார்ப்பேன். வேண்டிய காற்று, வேண்டிய திசையில், என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மிதவை இல்லாமலே போவோம் என்று அண்ணனிடம் கெஞ்சினேன். அவர் டீயைக் குடித்து முடித்தார். பாதி வழி வரையாவது என்றேன்.

“பாதி வழியில என்னா இருக்கு, ஸ்டேஷனா?”

தனியாகப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு காலையில் போனேன். கரை கண்ணில் இருக்கும்போதே பாய் ஒரு பக்கம் கிழிந்தது, மீன்பிடிப் படகு ஒன்று கயிறு கட்டி இழுத்து வந்தது. முதுகில் பத்துக் கடைகளின் பெயர் போட்ட சட்டையோடு கரையில் இறங்கினேன். நல்லவேளை, யாரும் போட்டோ எடுக்கவில்லை.  அன்று வீட்டுக்குப் போனதும் மனைவி பொன்னாடையை மடித்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

காற்று திரும்ப இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு மாலை ஜெலுத்தோங் கரைக்குப் போனேன். என் படகு கறித்தூள் வாசனையோடு அசையாமல் கிடந்தது. சற்றுத் தள்ளி ஒரு வெளிநாட்டுப் பாய்மரப் படகு புதிதாக வந்திருந்தது. அதன் மேல்தளத்தில் அண்ணன் உட்கார்ந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய துணிப்பை.

“என்னண்ணே இது?”

“வெள்ளைக்காரப் புருசன் பொஞ்சாதி, கூட ஒரு சிநேகிதன். இலங்கை வரைக்கும் போறாங்க. ஆள் வேணும்னாங்க. காலையில கெளம்புறோம்.”

அவருக்குப் பின்னால் வெள்ளைப் பெட்டி ஒன்று, இன்னும் கட்டாமல், தளத்தில் கிடந்தது. மெதுவாக ஏறிப் போய், ஒரு கையால் அதைத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டு கையால் முயன்றேன். அப்போதும் அசையவில்லை. வாழ்க்கையில் எந்தப் பெட்டியின் மேலும் எனக்கு அவ்வளவு மரியாதை வந்ததில்லை.

எனக்கு மிச்சமிருந்த வெட்கமும் அதோடு போய்விட்டது. எனவே கேட்டேன்.

“அண்ணே, அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. நான் சமைக்கிறேன், பாத்திரம் கழுவுறேன், கறித்தூள் பெட்டி பெட்டியா கெடக்கு, அத்தனையும் கொண்டு வரேன். என்னையும் ஏத்திக்கிட்டா என்னா?”

அண்ணன் கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“நாலு பேர் மிதவை தம்பி, நாலு பேர் ஆயாச்சு.”