விட்டுப்போன செட்டுகள்

ஒருவரை இரும்பு தூக்க வைப்பது சுலபம். தூக்கியவரை வீட்டுக்கு அனுப்பி ஓய்வெடுக்க வைப்பதுதான் எங்கள் தொழிலில் பெரும்பாடு. மாத்தளையில் தகரக் கூரையின் கீழ் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்தேன். எனக்குச் சட்டென்று பேச்சு வராது. யாருக்கு எந்த நாள், எத்தனை செட் என்று கரும்பலகையில் சின்ன எழுத்தில் எழுதிவிடுவேன்; 'ஓய்வு' மட்டும் பெரிய எழுத்தில். எழுதிப் போட்டும் யாரும் கேட்காமல் நொந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

தினமும் வந்தவர்

அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர் சிவராசா. யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த உடம்பு. மாசி மகத்தன்று அம்மனைத் தோளில் சுமந்து தேரில் ஏற்றும் ஆட்களில் தானும் ஒருவர் என்று கோயிலில் பெயர் கொடுத்துவிட்டார். ஊரில் இருந்து தாயார் பார்க்க வருகிறாராம். ஒரு நாள் பயிற்சி, மறுநாள் ஓய்வு என்று பலகையில் எழுதினேன். அவரோ தினமும் வந்தார். தம்புள்ளைச் சந்தையில் மூட்டை சுமக்கும் முத்துவும் என் கூடத்துக்கு வருபவன்; இதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சார், நான் மூட்டை தூக்கிப் பொழைக்கிறவன். எனக்கே வாரத்துக்கு ஒரு நாள் லீவு இருக்குங்க!"

ஊரடங்கு போட்ட வாரம்

திருவிழா நெருங்கும் நேரத்தில் ஊரடங்கு. ஒரு வாரம் கூடம் திறக்கவில்லை. ஊரடங்கை எடுத்த அன்று மாலை சிவராசா முதல் ஆளாக வந்தார். நான் ஒரு நட்டு வாங்கக் கடைக்குப் போய், கடைக்காரரின் கதையில் மாட்டித் திரும்பினேன். மனிதர் வியர்வையில் குளித்து, சிரித்தபடி நின்றார்.

"அண்ணை, விட்டுப்போன செட் எல்லாத்தையும் முடிச்சுப்போட்டன். கந்தோரிலை ஃபைல் தேங்கினாலும் நாங்கள் இப்பிடித்தான் செய்யிறனாங்கள்!"

பலாபத்வலச் சாவடி

மறுநாள் பழைய இரும்பு பார்க்கப் பஸ்ஸில் போனேன். அதே பஸ்ஸில் சிவராசாவும் வேலை விஷயமாக வந்தார். பலாபத்வல இராணுவச் சாவடியில் எல்லோரையும் இறக்கி, கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினோம். சிவராசாவின் கைகள் மட்டும் தொடையோடு ஒட்டியிருந்தன. ஆமிக்காரர் மறுபடி அதட்டினார். கைகள் அசையவில்லை. துப்பாக்கி அவர் பக்கம் திரும்பியது.

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ! "ஒரு வாரத்து உடற்பயிற்சியை ஒரே நாளில் செய்துவிட்டார், மாத்தயா" என்று சிங்களத்தில் சொன்னேன். ஆமிக்காரர் ஒரு விரலால் சிவராசாவின் தோளை அழுத்தினார். "ஐயோ அம்மா!" என்ற அலறல் பஸ்ஸையே உலுக்கியது. துப்பாக்கி தாழ்ந்தது. அவர் சிரித்துக்கொண்டே சிங்களத்தில் கேட்டார்:

"இவனுக்குப் பயிற்சி கொடுக்கிற அந்தப் பைத்தியக்கார மாஸ்டர் யார்?"

என் கைகள் ஏற்கெனவே மேலேதான் இருந்தன.

மாசி மகம்

அன்றே பலகையில் அவர் பெயருக்கு நேரே, திருவிழா வரைக்கும் 'ஓய்வு' என்று எழுதினேன். முதல் இரண்டு நாள் அவரால் சட்டையைக்கூடத் தனியே போட முடியவில்லை, அதனால் கீழ்ப்படிந்தார். மாசி மகத்தன்று கூட்டத்தின் பின்னால் நின்று அவர் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மன் ஆடாமல் அசையாமல் தேரேறினாள். தாயார் அழுதார். சிவராசா என்னிடம் ஓடி வந்தார்.

"அண்ணை, இந்த ஓய்வைப் பற்றி முதலே ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே!"

செட்டுகளைச் சின்ன எழுத்திலும் ஓய்வைப் பெரிய எழுத்திலும் எழுதியதுதான் என் பிழை போலிருக்கிறது. சின்ன எழுத்தைத்தான் எல்லோரும் கிட்டே வந்து கவனமாக வாசிக்கிறார்கள்.