ஒவீட் பெல்லரோஸ் வெட்டி எடுக்கச் சொன்ன ஜாயின்ட்

1936 மார்ச் மாதம் ஒவீட் பெல்லரோஸ் எங்கள் கப்பல் கட்டும் யார்டில் வேலைக்குச் சேர்ந்தபோது அவன் கையில் கொடுத்தது ஒரு துடைப்பம். வெல்டர்கள் தட்டி உதிர்க்கிற கசடைக் கூட்டி அள்ளிக் கொட்ட வேண்டும். அவனுக்கு முப்பத்தொரு வயது. பன்னிரண்டு வயதிலிருந்து பஞ்சாலையில் இருந்தவன். ஆலையை மூடிவிட்டார்கள். மனைவி எக்ஸில்டாவும் மூன்று பெண் குழந்தைகளும் வீட்டில். குட்டையான உருவம், அதற்குச் சம்பந்தமே இல்லாத பெரிய கைகள். ஆங்கிலம் பேசினால் பாதியில் பிரெஞ்சு வந்து விழும்.

நான் அங்கே தகடு பொருத்துகிறவன். பெயர் மெர்ல் ஸ்டேபிள்ஸ். எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாக அந்த ஆற்றங்கரையில் கப்பல் வேலை பார்த்த குடும்பம். அதனால் மற்றவர்களைப் போல நானும் அவனை முதலில் ‘பிரெஞ்சுக்காரா’ என்றுதான் கூப்பிட்டேன்.

எங்கள் போர்மேன் லெஸ்டர் குட்வின். புகையிலையை மென்றுகொண்டே பேசுவார். யாரையும் பாராட்டி நாங்கள் கேட்டதில்லை. ஒவீட் மதிய உணவு நேரத்தில் சூப்பை நாலு வாயில் குடித்துவிட்டு, யாராவது கழற்றி வைத்த முகமூடியை மாட்டிக்கொண்டு, குப்பைத் தகடுகளில் வெல்டிங் பழகுவான். ஒன்றரை வருடம் இப்படியே போயிற்று. ஒருநாள் நேராகக் குட்வினிடம் போய், தனக்கு வெல்டர் பரீட்சை வைக்கச் சொன்னான்.

“உனக்கா?” என்றார் குட்வின். “பஞ்சு நூல் இழை அறுந்தா முடிச்சுப் போடுற வேலைன்னு நெனச்சியா? இது நீர்மூழ்கிக் கப்பல்டா.”

“நூல் அறுந்தா துணிதான் கெடும் சார். அது தெரிஞ்சுதான் கேக்கறேன்” என்றான் ஒவீட்.

பரீட்சை எளிமையானது, ஈவிரக்கம் இல்லாதது. இரண்டு தகடுகளை ஒட்ட வேண்டும். பிறகு அதை இயந்திரத்தில் வைத்து லாடம் போல வளைப்பார்கள். முதுகில் ஒரு மயிரிழை விரிந்தாலும் துடைப்பத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். ஒவீட் நிமிர்ந்து ஒன்று, குனிந்து ஒன்று, தலைக்கு மேலே ஒன்று என்று மூன்று தகடுகள் போட்டான். மூன்றும் வளைந்தன. மூன்றிலும் கீறல் இல்லை. குட்வின் மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு புது முகமூடியை எடுத்து அவன் நெஞ்சில் இடித்துக் கொடுத்தார்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் புதுக் கப்பலுக்கு அடித்தண்டு வைத்தார்கள். முந்நூறு அடி நீளம், ஐம்பத்தாறு பேர் போகக்கூடியது. முன்னே ரிவிட் அடித்த இடங்களில் எல்லாம் இதில் வெல்டிங். பெயர் என்ன தெரியுமா? ஸ்மெல்ட். குளிர்காலத்தில் உறைந்த ஆற்றில் துளை போட்டுத் தூண்டிலில் பிடிப்போமே, விரல் நீள மீன், அது.

“சுறா இருக்கு, திமிங்கிலம் இருக்கு. எங்க வீட்டுத் தட்டுல இருபது வைக்கிற மீனு பேரு தானா கெடச்சுது?” என்று நாங்கள் சிரித்தோம்.

“நீங்க யாராவது ஸ்மெல்ட்ட தண்ணிக்குள்ள பாத்திருக்கீங்களா? பனிக்கட்டிக்கு அடியிலயும் உயிரோட சுத்துது. நல்ல பேருதான்” என்றான் ஒவீட்.

என்னையும் அவனையும் கப்பலின் கடைசி அறையில் போட்டார்கள். பின்பக்க டார்பிடோக்கள் இருக்கிற அறை. கப்பலின் உள்கூடு அங்கே குறுகிக்கொண்டே போகும். ஆழத்தில் தண்ணீரின் கனத்தைத் தாங்குவது அந்த உள்கூடுதான். நான் தகட்டை இழுத்துப் பொருத்திப் பிடிப்பேன். அவன் பற்றவைப்பான். ஒரே மாதத்தில் எங்களுக்குள் வாடா போடா ஆகிவிட்டது.

1938 பிப்ரவரியில் ஒருநாள் தாங்க முடியாத குளிர். கிரேன் உள்ளே வருவதற்காகக் கொட்டகையின் பெரிய கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். ஆற்றுக்காற்று நேராக உள்ளே வந்தது. அன்றைக்குத்தான் ஒவீட் பின்னறையைச் சுற்றி வருகிற முக்கியமான ஜாயின்ட்டைப் போட்டான். அடுத்த நாள் பரிசோதகர் வந்தார், விளக்கைப் பிடித்துப் பார்த்தார், மஞ்சள் சுண்ணக்கட்டியால் சரி என்று குறி போட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒவீட் சாப்பிடவில்லை. இரண்டு வாரம் பார்த்தேன். கொண்டுவந்த பன்றிக்கறிப் பணியாரத்தை என் பக்கம் தள்ளிவிட்டு அந்த ஜாயின்ட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

“என்னடா ஆச்சு உனக்கு? பொண்டாட்டியோட சண்டையா?” என்றேன்.

“மெர்ல், அன்னிக்கு தகடு ரொம்பச் சில்லுனு இருந்துச்சு. முதல்ல சூடு காட்டணும். காட்டினேன், ஆனா பத்தல. சூடு காட்டற டார்ச்சு நெருப்ப காத்து அணைச்சு அணைச்சு விட்டுச்சு. எனக்கும் சலிச்சுப் போச்சு. சரி, போதும்னு ஆரம்பிச்சுட்டேன்.”

“அதான் பரிசோதகர் பாத்துட்டுப் போயிட்டாரே.”

“அவரு கண்ணாலதானே பாத்தாரு. முடிச்சுட்டு நான் ராடை கீழ வைக்கிறப்ப ‘டிக்’குன்னு ஒரு சத்தம் வந்துச்சு. ஒரே ஒரு தடவை. உள்ள ஏதோ விட்டுருக்கு.”

“கேட்டது நீ ஒருத்தன்தானே? வாய மூடிக்கிட்டு இரு” என்றேன். அப்படித்தான் சொன்னேன், மறைக்க விரும்பவில்லை. “மூணு பொண்ணுங்க இருக்கு உனக்கு. வெளிய ஆயிரம் பேரு வேலை இல்லாம நிக்கிறான். உன் வாயால நீயே துடைப்பத்துக்குப் போகாத.”

அவன் வீட்டில் போய் எக்ஸில்டாவிடம் சொல்லியிருக்கிறான். அவள் அடுப்பில் பட்டாணி சூப்பைக் கிண்டிக்கொண்டே கேட்டாளாம். கடைசியில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “அந்த ரூம்ல ஆளுங்க தூங்குவாங்களா?” என்று கேட்டாளாம்.

“பதினஞ்சு பேரு.”

“அப்ப இங்க எதுக்கு உக்காந்துக்கிட்டு இருக்கே? காலைல முதல் வேலையா போய்ச் சொல்லு. வேலை போச்சுன்னா நான் துணி துவைக்கப் போறேன். நமக்குப் பட்டினி புதுசா?”

காலையில் அவன் எல்லோரும் நிற்கும்போதே குட்வினிடம் சொல்லிவிட்டான். குட்வினின் முகம் செங்கல் நிறத்துக்கு மாறியது. கப்பலைத் தண்ணீரில் இறக்க நாள் குறித்தாகிவிட்டது. கடலேற்றத்தில் ஆற்றுநீர் நன்றாக உயர்கிற நாளைப் பார்த்துத்தான் குறிப்பார்கள். இஷ்டப்படி மாற்ற முடியாது. விருந்தினர்களுக்குக் கடிதம்கூடப் போய்விட்டது.

“பரிசோதகர் சரின்னுட்டார். வரைபடக்காரங்க சரின்னுட்டாங்க. சரியில்லன்னு சொல்றது யாரு?”

“போட்டவன் சொல்றேன் சார். வெட்டி எடுங்க.”

“ஒண்ணும் இல்லாமப் போச்சுன்னு வெய்யி, உன்னை அந்தக் கேட்டுக்கு வெளிய நானே கொண்டுபோய் விடுவேன்.”

“சரி சார்.”

உளி வைத்துக் கொத்த ஆரம்பித்தோம். இருபது அடிக்கு மேல் நீளமான ஜாயின்ட். முதல்நாள் முழுக்க ஒன்றும் இல்லை. உலோகம் பளபளவென்று குற்றமில்லாமல் வந்தது. மற்ற வெல்டர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். “பிரெஞ்சுக்காரனுக்குக் கப்பல் காதுல பேசுதாம்ல! என்ன பேசுச்சு, பிரெஞ்சா இங்கிலீஷா?” என்று ஒருவன் கேட்டான். ஒவீட் தலையைத் தூக்கவில்லை.

இரண்டாம் நாள் பத்து மணி இருக்கும். உளி என் கையில்தான் இருந்தது. அடியில், யார் விளக்குப் பிடித்தாலும் தெரியாத இடத்தில், ஒரு கறுப்புக் கோடு. மயிர் அளவுதான் அகலம். நான் கொத்தக் கொத்த அது நீண்டுகொண்டே போனது. ஏழு அங்குலம்.

குட்வினைக் கூப்பிட்டார்கள். அவர் மண்டியிட்டுக் கட்டை விரல் நகத்தை அந்தக் கோட்டில் வைத்து இழுத்தார். நகம் உள்ளே இறங்கியது. தொப்பியைக் கழற்றினார்.

ஒவீட்தான் முதலில் பேசினான். “மறுபடி போடறேன் சார். எனக்கு ரெண்டு டார்ச்சு வேணும். அந்தக் கதவ சாத்தி வெக்கணும். நான் போதும்னு சொல்ற வரைக்கும் யாரும் அவசரப்படுத்தக் கூடாது.”

குட்வின் எழுந்தார். கிரேன்காரனைப் பார்த்து, “கதவ சாத்துடா!” என்று கத்தினார். பிறகு ஒரு டார்ச்சைத் தானே எடுத்துக்கொண்டார். அவருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. மூட்டுவலிக்காரர். அந்தக் குறுகிய அறையில் மண்டி போட்டு, தகட்டின் ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் நானும் சூடு காட்ட, நடுவில் ஒவீட் ஒவ்வொரு அடியாகப் போட்டுக்கொண்டு போனான். நான்கு நாட்கள். நடுவில் ஒரு ஞாயிறு வந்தது. ஒவீட் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பூசைக்குப் போகவில்லை. பாதிரியாரிடம் எக்ஸில்டா போய், “அவர் இன்னிக்கும் மண்டி போட்டுக்கிட்டுத்தான் இருக்காரு ஃபாதர், இடம்தான் வேற” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

குறித்த நாளிலேயே கப்பல் இறங்கியது. பேண்டு வாத்தியம், கொடிகள், ஒரு அட்மிரலின் மனைவி. வழக்கப்படி கப்பலின் மூக்கில் அடித்து உடைக்க வேண்டிய ஷாம்பெயின் பாட்டில் முதல் வீச்சில் உடையவில்லை. இரண்டாவதில் உடைந்து அந்த அம்மாளின் தொப்பி முழுக்க நுரை. ஸ்மெல்ட் மெல்ல நகர்ந்து, வேகம் பிடித்து, ஆற்றில் இறங்கி நின்றபோது எங்கள் தொண்டையெல்லாம் கட்டிப்போகும் அளவுக்குக் கத்தினோம். “சுருட்டு மாதிரி இல்ல இருக்கு?” என்றாள் எக்ஸில்டா. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

நவம்பரில் ஆழச் சோதனை. யார்டு ஆட்களில் சிலர் கூடப் போவது வழக்கம். கட்டியவனே உள்ளே இருந்தால் மாலுமிகளுக்கு ஒரு தைரியம். குட்வின் எழுதிக் கொடுத்த பட்டியலில் முதல் பெயர் ஒவீட், இரண்டாவது நான், மூன்றாவது அவரே.

பின்னறைப் பொறுப்பு சீஃப் வெண்டல் டட்டிலிடம். ஒல்லியான மனிதர், பழைய நீர்மூழ்கிகளில் பதினாறு வருடம் இருந்தவர். அவர் ஒரு நூலை எடுத்து அறையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு விறைப்பாகக் கட்டினார். “இதப் பாத்துக்கிட்டே இருங்க” என்றார்.

நூறு அடியில் நூல் விறைப்பாக இருந்தது. நூற்றைம்பதில் கொஞ்சம் தொய்ந்தது. இருநூறில் நன்றாகவே தொங்கியது. தண்ணீர் கப்பலை அழுத்த, சுவர்கள் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கோ இரும்புச் சட்டம் முனகியது.

“பயப்படாதீங்க. புதுப் பொண்ணு சோம்பல் முறிக்குது” என்றார் டட்டில்.

ஒவீட் காதில் எதையும் வாங்கவில்லை. தன் ஜாயின்ட்டின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி, அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டு போனான். இருநூற்றைம்பது அடி. அதுதான் எல்லை. குழாய் வழியாகக் கேப்டனின் குரல் வந்தது: “பின்னறை, நிலவரம் சொல்லு.”

டட்டில் ஒவீட்டைப் பார்த்தார். அவன் கையைத் திருப்பிக் காட்டினான்.

“பின்னறை காஞ்சு கெடக்கு சார்” என்றார் டட்டில்.

குட்வின் புகையிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். “சீஃப், இது இந்த ஆளு கை வேலை. சரின்னு எல்லாரும் சொன்னப்புறம் வெட்டி எடுக்கச் சொன்னவன்” என்றார். நாங்கள் அவர் வாயிலிருந்து கேட்ட முதல் பாராட்டு அது. கடலுக்கு அடியில் இருநூற்றைம்பது அடி இறங்கித்தான் அதைக் கேட்க வேண்டியிருந்தது.

டட்டில் அந்த ஜாயின்ட்டுக்கு நேர் கீழே இருந்த படுக்கையில் தன் தொப்பியை வைத்தார். “அப்ப இது எனக்கு” என்றார்.

ஜனவரியில் கப்பல் தெற்கே பயிற்சிக்குப் போயிற்று. ஏப்ரலில் சில்லறைப் பழுதுகளுக்காகத் திரும்பி வந்தது. வந்த அன்றே டட்டில் எங்கள் பட்டறைக்குள் நுழைந்து, “பெல்லரோஸ் எங்க?” என்று சத்தம் போட்டார். எல்லோரும் வேலையை நிறுத்தினோம்.

கரீபியன் கடலில் மூழ்கும்போது கப்பலின் பின்பக்கச் சிறகு, கீழ்நோக்கி இறங்கவைக்கிற நிலையிலேயே, மாட்டிக்கொண்டதாம். மூக்குக் குத்தி இறங்கியிருக்கிறது. எல்லை இருநூற்றைம்பது. ஆளுக்கொரு பக்கம் கைச்சக்கரத்தைப் பிடித்துத் தொங்கி, கையாலேயே சிறகைத் திருப்பிக் கப்பலை நிமிர்த்துவதற்குள் முந்நூற்று நாற்பது அடி போய்விட்டதாம்.

“நான் அந்த ரூம்லதான் இருந்தேன். பதினஞ்சு பேரும் மேல நிமிந்து பாத்துக்கிட்டு இருக்கோம். ஒரு சொட்டு வரல. ஒரே ஒரு சொட்டு வரலய்யா!” என்றார் டட்டில். ஒவீட்டின் கையைப் பிடித்து விடாமல் குலுக்கினார். முன்பு கப்பல் பேசுதா என்று கேலி செய்தவன்தான் முதலில் சுத்தியலால் தகட்டில் தட்டினான். பிறகு பட்டறை முழுக்கத் தட்டியது. காது செவிடாகிற சத்தம்.

ஒவீட்டுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. “மெர்ல்தான் தகட்டப் பிடிச்சான்” என்றான்.

அந்த ஞாயிறு கேப்டன் அவன் குடும்பத்தைக் கப்பலுக்குச் சாப்பாட்டுக்கு அழைத்தார். கூடவே நானும் போனேன். வறுத்த மாட்டிறைச்சி, ஐஸ்கிரீம். மூன்று பெண்களும் படுக்கைகளில் ஏறி இறங்கி அமர்க்களம் செய்தார்கள். எக்ஸில்டா பின்னறையில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சுவரெல்லாம் தக்கை ஒட்டி வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தது.

“நீ செஞ்சது எங்க?”

“அதோ, அந்தப் பெயிண்டுக்குப் பின்னால.”

“ஒண்ணுமே தெரியலையே.”

“தெரியாது” என்றான் ஒவீட். எக்ஸில்டா அந்த வெள்ளைச் சுவரைக் கையால் ஒரு தடவை தடவிவிட்டு, பெண்களைக் கீழே இறங்கச் சொல்லி அதட்டினாள்.

மே மாதம் ஸ்மெல்ட் பனாமா வழியாகப் பசிபிக்குக்குப் புறப்பட்டது. அடுத்த வருடம் குட்வின் ஓய்வு பெற்றபோது தன் இடத்துக்கு எழுதிக் கொடுத்த பெயர் ஒவீட் பெல்லரோஸ். எங்கள் யார்டில் போர்மேனான முதல் பிரெஞ்சுக்காரன் அவன். மேலே சிலர் முணுமுணுத்தார்கள். பட்டறையில் யாரும் முணுமுணுக்கவில்லை. முதல் நாள் காலை அவன் புதுக் கப்பலின் அடித்தண்டு அருகே வந்து நின்றபோது நான் வேண்டுமென்றே தொப்பியைத் தூக்கி, “குட்மார்னிங், மிஸ்டர் பெல்லரோஸ்” என்றேன்.

“போடா” என்றான் அவன். “அந்தத் தகடு கால் அங்குலம் விலகியிருக்கு. முதல்ல அதப் பாரு.”