பல்லி வாத்தியார் அல்ல, அருளப்பன் சார்

அருளப்பன் சார் நேற்றுக் காலை ஆவூரில் இறந்துவிட்டார்.

பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில்தான் பார்த்தேன். "நம்ம பல்லி வாத்தியார் போயிட்டாருப்பா" என்று ஒருவர் போட்டிருக்கிறார். கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள்... நடுவில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உங்களில் ஒருவருக்காவது தெரியுமா?

அறுபதுகளின் தொடக்கம். திருவரங்குளம் பக்கம் ஒரு ஹைஸ்கூல். அவர் டிராயிங் மாஸ்டர், நான் கணக்கு. இருவருக்கும் முப்பது ஆகவில்லை.

லைப்ரரிக்கு வந்த ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் டைனோசர் காலடிகளின் படம் இருந்தது. பாறையில் பதிந்து, பக்கம் பக்கமாகப் பல வரிசைகள். ஒரு வாரம் உட்கார்ந்து அதைப் பென்சிலில் வரைந்து, ஸ்டாஃப் ரூமில் விரித்தார்.

"இதுக தனித்தனியா தண்ணி குடிக்க வந்ததுக இல்ல சார். அப்புடி வந்திருந்தா ஒண்ணு தடத்த ஒண்ணு குறுக்க மிதிச்சிருக்கும். இங்க பாருங்க, ஒண்ணு வளைஞ்ச எடத்துல எல்லாமே வளைஞ்சிருக்கு. சேந்து போயிருக்குக."

ஹெட்மாஸ்டர் சயின்ஸ் படித்தவர். "டைனோசரும் பல்லி மாதிரிதான சார். பல்லி என்னைக்காச்சும் கூட்டமா போயி பாத்திருக்கீங்களா?" என்றார். ரூமே சிரித்தது. மறுநாளே பிள்ளைகள் வாயிலும் அந்தப் பெயர்...

அவர் விடவில்லை. மழை விட்டதும் ஒன்பதாம் வகுப்பை நூலும் ஸ்கேலுமாகக் கண்மாய்க்குக் கூட்டிப்போனார். மந்தையாக ஓட்டிப்போன கிடை மாடுகளின் தடம் இங்கிட்டு. தண்ணீருக்குத் தனித்தனியாக வந்த ஊர் மாடுகளின் தடம் அங்கிட்டு.

கிடைத் தடங்கள் இடைவெளி விட்டு, ஒன்றாகத் திரும்பியிருந்தன. ஊர் மாடுகளுடையது குறுக்கும் நெடுக்குமாக ஒரே குழப்பம். பிள்ளைகளே அளந்து எழுதினார்கள். இன்றைக்குப் பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்கள் இதைத்தானே செய்கிறார்கள்?

அன்று பார்த்து ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். வகுப்பு காலி. 'டிராயிங் மாஸ்டர் அனுமதியில்லாமல் பிள்ளைகளைச் சாணிக்குள் கொண்டுபோனார்' என்று ஒரு மெமோ.

அவர் மனைவிக்கு அப்போது நிறைமாதம். ஆவுடையார்கோவிலுக்கும் அந்தப் பக்கம் மாற்றல் போட்டுத் தூக்கியடித்தார்கள். தெரிந்த டாக்டர் இல்லை, சொந்தம் இல்லை. மாட்டுத் தடத்தை அளந்ததற்கு இந்தத் தண்டனை. அநியாயம்... அன்றும் அநியாயம், இன்றும் அநியாயம்.

ஸ்டாஃப் ரூமில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஹெட்மாஸ்டரை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது?

அவர் பிள்ளைகளைக் கண்மாய்க்குக் கூட்டிப்போன அந்த மணி என்னுடைய கணக்குப் பீரியட். "எடுத்துக்கங்க சார், பாடத்த நான் பெறகு பாத்துக்கிறேன்" என்று சொன்னவன் நான்தான். விசாரணையில், 'எனக்குத் தெரியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். எனக்கு வேலை பெர்மனென்ட் ஆகவில்லை, பயம்.

அவர் அந்தக் காகிதத்தைப் படித்தார். என்னைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரிடம் என் பெயரைச் சொல்லவே இல்லை.

போய்வாருங்கள், அருளப்பன்.

பீரியட் நான் கொடுத்ததுதான்.