தண்ணீரில் விழுந்த சோடாபுட்டி

என் நாத்தனாரைச் சோடாபுட்டி என்று கூப்பிடும் உரிமை இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் உண்டு. வேறு யாராவது கூப்பிட்டால் சண்டைக்குப் போவேன், போயும் இருக்கிறேன். அவ்வளவு கனமான கண்ணாடி. கழற்றிவிட்டால் எதிரில் நிற்பது நானா பீரோவா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். "அசைஞ்சா அண்ணி, அசையலேன்னா பீரோ" என்பாள்.

என் வீட்டுக்காரரின் தங்கை அவள். வயது நாற்பதுக்கு மேல். எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கிற லேபில் வேலை. அங்கே மட்டும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிடுவாள். கிட்டத்தில் இருப்பது கண்ணாடி இல்லாமல்தான் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒற்றைப் பல்லை மூக்கு நுனிவரை கொண்டுபோய், ராவி, ஊதி, மறுபடி ராவி வைப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் வெள்ளைப் பொடி இருக்கும். "இன்னிக்கு யாரோட பல்லு?" என்று கேட்பேன். "உங்களுக்குத்தான் அண்ணி ஒரு செட்டு எடுத்து வெச்சிருக்கேன். பேசிப் பேசித் தேஞ்சிருக்குமே" என்பாள். வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

இப்படிப்பட்டவள் பாய்மரப் படகு ஓட்டப் போகிறேன் என்று வந்து நின்றால் யாருக்குத்தான் பகீர் என்று இருக்காது?

எல்லாம் என் பையனால் வந்தது. ஊருக்கு வெளியே ஒரு பெரிய ஏரி, அதன் கரையில் படகு கிளப். லீவு நாட்களில் அவனை அங்கே சேர்த்தோம். அத்தைதான் கூட்டிக்கொண்டு போவாள். பிள்ளைகள் தண்ணீரில் இறங்கியதும் அத்தனை பேரின் செருப்பையும் பையையும் சுற்றி வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பாள். அது அவளுக்குப் பழகிப்போன வேலை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு பீரியட் வந்தாலே, "கண்ணாடி உடைஞ்சிடும், நீ உக்காந்து இதையெல்லாம் பாத்துக்கோ" என்று சொல்லிவிடுவாராம் டீச்சர். மற்றவர்கள் பந்து விளையாட, இவள் செருப்புக்குக் காவல். படிப்பு முடியும்வரை அதே கதைதான். இதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கேட்கிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அந்த டீச்சர் இன்றைக்குக் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவேன்.

பையனுக்குப் படகு சீக்கிரமே சலித்துவிட்டது. ஒரு நாள் அவன் வரமாட்டேன் என்று கரையிலேயே உட்கார்ந்துகொள்ள, காலியான இடத்தில் இவள் ஏறிவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அடுக்களைக்கு ஓடி வந்தாள்.

"அண்ணி, சுக்கானக் கொஞ்சம் தள்ளினேன். அவ்ளோ பெரிய படகு, நான் சொன்னபடி கேக்குது அண்ணி!"

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதற்குமுன் அவள் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

அவளுடைய அண்ணனுக்குத்தான் பிடிக்கவில்லை. "கண்ணு தெரியாதவளுக்குப் படகு எதுக்கு?" என்றார்.

"உங்களுக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது? ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கற வெண்ணெயக் கண்டுபிடிக்கத் தெரியுதா?" என்று கேட்டேன். மனிதர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். ஆனால் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான்தான். கற்றுக்கொள்ளும்போதும் பரீட்சையிலும் படகில் கூட உட்கார ஒரு ஆள் வேண்டுமாம். "எங்க அண்ணி வருவாங்க" என்று கிளப்பில் சொல்லிவிட்டு வந்து நிற்கிறாள் மகராசி.

பழகியவர்கள் தனியாகப் படகு எடுக்க வேண்டுமானால் கிளப்பின் பரீட்சையில் தேற வேண்டும். பரீட்சை வைப்பவர் மோட்டார் படகில் பின்னாலேயே வருவார். கழுத்தில் விசில் தொங்கும். அவருக்கு நாங்கள் வைத்த பெயரும் விசில்தான். நினைக்காத நேரத்தில் ஒரு மஞ்சள் டப்பாவைத் தண்ணீரில் எறிந்து, "ஆள் தண்ணியில!" என்று கத்துவார். டப்பாதான் விழுந்த ஆள். கூட இருப்பவர் அதைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டுகிறவர் விலகிப் போய்த் திரும்பி, காற்றுக்கு எதிராக வந்து, டப்பா கைக்கு எட்டுகிற மாதிரி படகை நிறுத்த வேண்டும். டப்பாமேல் ஏற்றிவிட்டால் ஆளைக் கொன்ற கணக்கு.

முதல் தடவை கொன்றாள். தண்ணீர் தெறித்துக் கண்ணாடி முழுக்கத் துளி. டப்பா எங்கே என்று அவளே எட்டி எட்டிப் பார்த்து அதன் மேலேயே விட்டுவிட்டாள். இரண்டாவது தடவைக்கு முன்னால் ஒரு புண்ணியவான், பாத்திரம் கழுவுகிற சோப்பை லென்ஸில் தடவித் துடைத்துவிட்டால் துளி நிற்காது என்று சொல்லியிருந்தார். நல்ல யோசனைதான். இவள் தடவினாள், துடைக்க மறந்துவிட்டாள். முதல் அலை முகத்தில் அடித்ததும் கண்ணாடியில் நுரை, கண்ணில் எரிச்சல். டப்பா ஒரு பக்கம், படகு ஒரு பக்கம். விசில் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கண்ணுக்குள் வைக்கிற லென்ஸைக் கேட்டுப் பார்த்தோம். "ஏரித் தண்ணியிலயா? அந்த வம்பே வேணாம்மா, கண்ணுல சீழ் வச்சிடும்" என்று கண் டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டார். கண்ணாடியைப் பைஜாமா நாடாவால் தலையைச் சுற்றிக் கட்டிப் பார்த்தாள். நனைந்ததும் நாடா நெகிழ்ந்துபோனது. கடைசியில் நீச்சல் சாமான் விற்கிற கடையில் ஒரு பட்டை கிடைத்தது. தடித்த ஸ்பான்ஜ். கண்ணாடிக் காம்பில் இரண்டு பக்கமும் மாட்டி, பின்னந்தலையில் இறுக்கிக்கொள்ளலாம். தண்ணீரில் விழுந்தாலும் கண்ணாடியோடு மிதக்கும். இவள் கை நேரே நீலத்துக்குப் போனது. லைஃப் ஜாக்கெட்டுக்கு மேட்சாம்.

"தண்ணி என்ன கலரு? நீலத்துல விழுந்த நீலத்த யாரு தேடறது? அந்த ஆரஞ்ச எடு" என்றேன்.

"ரோட்டுல பள்ளம் தோண்டறவங்க மாதிரி இருக்கும் அண்ணி."

"இருக்கட்டும். உன்ன இப்ப யாரும் பொண்ணு பாக்க வரல."

முறைத்துக்கொண்டே ஆரஞ்சை வாங்கினாள்.

மூன்றாவது பரீட்சைக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். ஏரி தெரிய ஆரம்பித்ததும், அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னாள்: "இந்தத் தடவையும் போச்சுன்னா விட்டுடறேன் அண்ணி. அண்ணன் சொல்றதும் சரிதான். எனக்குச் செருப்பப் பாத்துக்கறதுதான் வரும்."

நாத்தனார் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்குப் பார்த்து நல்ல காற்று. கரையை விட்டதுமே படகு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு பறந்தது. தண்ணீர் வாரி வாரி முகத்தில் அடித்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. டப்பா விழுவதற்குள் துடைத்துவிட வேண்டும் என்று பட்டையைத் தளர்த்தி ஒரு கையால் கண்ணாடியைக் கழற்றினாள். அந்த நேரம் பார்த்து ஒரு பெருங்காற்று. சுக்கானைப் பிடிப்பாளா, பாய்க்கயிற்றைப் பிடிப்பாளா? இரண்டையும் பிடித்தாள். கண்ணாடி கையை விட்டுப் போய்விட்டது.

இன்னொரு கண்ணாடி கரையில், பைக்குள் பத்திரமாக இருக்கிறது. என் வாயில் வந்தது ஒன்றுதான்.

"ஆள் தண்ணியில!"

"ஐயோ, யாரு அண்ணி?"

"உன் கண்ணாடிடீ!"

ஒரு நிமிஷம் அவள் முகம் வெளுத்துப்போனது. சுக்கானை அப்படியே விட்டுவிடுவாளோ என்று பயந்தேன். மோட்டார் படகைப் பார்த்துக் கையை ஆட்டினால் போதும், விசில் வந்து கட்டி இழுத்துக்கொண்டு போவார். பரீட்சையும் அத்தோடு முடிந்துவிடும். அது அவளுக்கும் தெரியும்.

"தெரியுதா அண்ணி?"

"பளிச்சுன்னு தெரியுது." எனக்கு வெள்ளெழுத்து. ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் திண்டாடுவேன். தூரத்தில் வருகிற பஸ்ஸின் நம்பரைக் கேட்டால் உடனே சொல்வேன். அலைக்கு நடுவே அந்த ஆரஞ்சு எழும்பி எழும்பி இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப கைய நீட்டுங்க. என்ன ஆனாலும் கண்ண எடுக்காதீங்க. நான் உங்க கையப் பாத்துக்கறேன்."

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். இமைகூடக் கொட்டவில்லை. என் கை அவளுக்கு மங்கலாகத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். மீதியைக் காற்று கன்னத்தில் எந்தப் பக்கம் படுகிறது, பாய் எப்படிச் சத்தம் போடுகிறது என்று பார்த்தே ஓட்டினாள். விலகிப் போனாள், திருப்பினாள். பாய் தலைக்கு மேல் மறுபக்கம் திரும்ப, நான் குனிந்து இந்தப் பக்கம் மாறி உட்கார்ந்தபோதும் கையை இறக்கவில்லை.

வேகத்தைக் குறைக்கக் கயிற்றை விட்டாள். கயிறு போகவில்லை. எங்கேயோ முடிச்சு விழுந்து கப்பியில் சிக்கிக்கொண்டது. அதை அவிழ்க்க நான் தலையைத் திருப்பப் போனேன்.

"நீங்க திரும்பாதீங்க! உங்களுக்கு முடிச்சு தெரியவும் தெரியாது!"

சுக்கானை முழங்காலால் அணைத்துக்கொண்டு, முடிச்சை மூக்கருகில் இழுத்து வைத்து, பல்லு ராவுகிற அந்த விரல்களால் ஒரே நிமிண்டு. முடிச்சு விட்டது. பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, படகு தயங்கித் தயங்கி வந்தது.

"இன்னும் கொஞ்சம்… இடது பக்கம்… போதும், போதும், நில்லு!"

நின்றது. பாதி உடம்பைப் படகுக்கு வெளியே போட்டு எட்டினேன். விரலில் பட்டது, நழுவியது, மறுபடி பட்டது. அள்ளிவிட்டேன்.

"கிடைச்சிடுச்சுடீ!"

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. அவள் கண்ணாடியை மாட்டி, பட்டையை இறுக்கிக்கொண்டு, அண்ணியா பீரோவா என்று பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தோம், நிறுத்த முடியவில்லை.

மோட்டார் படகு பக்கத்தில் வந்தது. "நான் இன்னும் டப்பாவே போடலியேம்மா. நீங்க எத எடுத்தீங்க?" என்றார் விசில்.

அவள் தன் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினாள்.

"இது இல்லாமலா வந்து எடுத்தீங்க?"

"அண்ணி கை இருந்துச்சு சார்."

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, டப்பாவையும் எடுத்துடுங்க. இல்லேன்னா அது கோவிச்சுக்கும்" என்று அதைத் தூக்கி எறிந்தார். மறுபடி தண்ணீர் தெறித்தது, மறுபடி கண்ணாடி முழுக்கத் துளி. இந்தத் தடவை அவள் துடைக்கவும் இல்லை, எட்டிப் பார்க்கவும் இல்லை. என் கையைப் பார்த்துக்கொண்டே போய் டப்பாவின் பக்கத்தில் பூப்போல நிறுத்தினாள். நான் மார்க்கெட்டில் தக்காளி பொறுக்குகிற மாதிரி எடுத்துப் போட்டேன்.

"பாஸ்" என்றார்.

"என்ன சார்?"

"பாஸ்ம்மா."

"நிஜமாவா சார்?"

"அதான் சொல்லிட்டாரே, மறுபடி கேட்டு அவர் மனச மாத்திடாத!" என்று அதட்டினேன். வயிற்றில் பாலை வார்த்தார் மனிதர், நன்றாக இருக்கட்டும்.

கரையில் இறங்கியதும், வீட்டுக்குப் போகலாம், நல்ல சூடாக ஒரு காபி குடிக்கலாம் என்று நான் பையை எடுத்தேன். அவள் கரைக்கு ஏறவே இல்லை. படகைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள். வெயில் இன்னும் இருந்தது. காற்று கொஞ்சம் தணிந்திருந்தது. மெதுவாகப் பட்டையை இன்னொரு முறை இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

"அண்ணி, என் செருப்பு அங்க இருக்கு, பையும் இருக்கு. கொஞ்ச நேரம் பாத்துக்கறீங்களா? நான் மட்டும் ஒரு சுத்து போயிட்டு வரேன்."

போ என்று தலையை ஆட்டினேன்.

அவளுடைய செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தேன். படகு சின்னதாகிக்கொண்டே போனது. அவள் முகம் தெரியவில்லை, கையும் தெரியவில்லை. பின்னந்தலையில் அந்த ஆரஞ்சு மட்டும் ரொம்ப தூரம் வரைக்கும் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.