துருக்கி இடம் கைமாறிய விதம்

விதி ஆறு, உட்பிரிவு இரண்டு: வெளிநாட்டு மாணவர் ஒருவருக்கு உள்ளூர் நிறுவனத்தில் பயிற்சி இடம் பிடித்துத் தரும் உறுப்பினருக்கே, அந்த ஆண்டு கிளைக்குக் கிடைக்கும் வெளிநாட்டு இடத்தில் முதல் உரிமை. அவர் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் மட்டுமே அது அடுத்தவருக்குப் போகும்.

இது அரசாங்க விதி அல்ல. தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் பி.காம். கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த என் மகள் சேர்ந்த ஒரு மாணவர் அமைப்பின் விதி. பல நாடுகளில் கிளை உண்டு. தலைமைப் பண்பு வளர்ப்பார்கள், வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். நான் அப்போது வருவாய்த் துறையில் கண்காணிப்பாளர். மற்றவர்கள் வாரப் பத்திரிகை படிக்கும் ருசியோடு விதிப்புத்தகம் படிக்கிறவன். அவள் கொண்டுவந்ததை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, நன்றாக எழுதியிருக்கிறார்கள், சேர்ந்துகொள் என்றேன்.

அறிமுகக் கூட்டத்துக்குப் பெற்றோரையும் அழைத்தார்கள். பட்டப்பகலில் டை கட்டிய பையன்கள் மேடையேறி, கைதட்டி, இடுப்பை ஆட்டினார்கள். உலகம் முழுக்க அந்த அமைப்பு இப்படித்தான் வணக்கம் சொல்லுமாம். புத்தகத்தில் இதற்கு விதி இல்லை. கிளைத் தலைவன் ஒரு மில்காரர் வீட்டுப் பையன். என் அருகில் வந்து குனிந்து, "காப்பி குடிச்சீங்களாங்க சார்?" என்று மூன்று தடவை கேட்டான். நல்ல வளர்ப்பு என்று நினைத்தேன்.

வெளிநாட்டு மாணவர் ஒருவருக்காக மகள் இடம் தேடி அலைந்தாள். கல்லூரி விட்டதும் காந்திபுரத்தில் பஸ் ஏறுவாள். போன இடமெல்லாம் டீ கொடுத்து, "ஆகட்டும் அம்மணி, பாத்துக்கலாம்" என்றார்கள். எங்கள் பக்கத்தில் ‘இல்லை’ என்ற வார்த்தையை இப்படித்தான் சொல்வார்கள். கடைசியில் பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்பு பட்டறை வைத்திருந்த என் மனைவியின் அண்ணன் சம்மதித்தார். போலந்திலிருந்து ஒரு பையன் வந்தான். அவனுக்குத் தங்குமிடம் தருவது கிளையின் பொறுப்பு. கிளை அவனை ஒரு லாட்ஜில் தள்ளிவிட்டு மறந்தது. மூட்டைப்பூச்சி கடித்த கையைச் சொறிந்துகொண்டு அவன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். மூன்று மாதம் ரசம் குடித்தான். பட்டறையின் ஏற்றுமதிக் கடிதங்களை எழுதிக் கொடுத்தான். மச்சானுக்கு அவனை விட மனசில்லை.

ஆக, ஆறாம் விதிப்படி மகளுக்கு உரிமை வந்தது. நேர்முகத் தேர்விலும் தேறினாள். துருக்கியில் ஒரு நூல் ஏற்றுமதிக் கம்பெனி. மே மாதத்துக்குள் கிளம்ப வேண்டும். அதற்குமேல் அவள் மாணவி இல்லை, மாணவி இல்லாவிட்டால் இடமும் இல்லை. பாஸ்போர்ட் வாங்கியாயிற்று. அவள் நூல் ரகங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவன் ஸ்வீட் பெட்டியோடு வந்தான்.

"சின்னதா ஒரு சென்ட் ஆஃப் பார்ட்டிங்க சார். நான் துருக்கி போறனுங்க. குடும்பத்தோட வரோணும்."

"துருக்கியில எங்க?" என்றேன்.

"ஒரு நூல் கம்பெனிங்க."

உள்ளேயிருந்து மகள் வந்தாள். "அது என்னோட இடம்."

அவன் எழுந்து நின்றான். முகத்தில் அதே மரியாதை. "உங்க ஊட்டுல அனுப்ப மாட்டாங்கன்னு கேள்விப்பட்டமுங்க. சார்கிட்ட வந்து கேட்டு, சார் வாயால முடியாதுன்னு சொல்ல வெக்கிறது நல்லா இருக்குமுங்களா? சாருக்குச் சங்கடம் வேண்டாம்னுதான் கேக்கலீங்க."

"யார் சொன்னது அனுப்ப மாட்டேன்னு?"

"பட்டறைக்குப் போனப்ப மாமாவைக் கேட்டமுங்க."

"அப்ப மாமாவையே துருக்கிக்கு அனுப்பியிருக்கலாமே," என்றாள் மகள்.

அவன் சிரித்தான். அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அவளுக்கு அடுத்த வருடம் கிடையாது என்று அவனுக்கும் தெரியும்.

"அந்த ஸ்வீட்டையும் எடுத்துட்டுப் போங்க. எறும்பு வரும்," என்றாள்.

முப்பது வருட உத்தியோகத்தில் லஞ்சம் வாங்குகிறவர்களை நிறையப் பார்த்தேன். அவர்கள் கண்ணில் கொஞ்சமாவது கூச்சம் இருக்கும். இவனோ எனக்கு ஒரு உபகாரம் செய்துவிட்ட திருப்தியோடு செருப்பை மாட்டினான்.

அன்றே நானும் மகளும் பட்டறைக்குப் போனோம். மச்சான் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"அந்தப் பையன் கேட்டானுங்க மாப்பிள்ளை. பொட்டப்புள்ளைய அத்தனை தூரம் எங்க அனுப்பப் போறாங்கன்னு சொன்னேன். தப்புங்களா?"

"நான் அனுப்ப மாட்டேன்னு உங்ககிட்ட எப்பச் சொன்னேன்?"

"சொல்லோணுமுங்களா?"

"போலந்துக்காரனை மட்டும் அவங்க வீட்டுல அனுப்பினாங்களே?"

"அவன் ஆம்பளைங்க."

"அவனுக்கு இடம் கேட்டு நான்தானே மாமா வந்தேன்," என்றாள் மகள். "தனியா, டவுன் பஸ்ல. அன்னிக்குத் தூரமாத் தெரியலையா?"

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்து, "புள்ள கோவமா இருக்குது. வெயில் வேற. மோர் சாப்பிடுங்க மாப்பிள்ளை," என்றார். பேசியதைத் திருத்தி ஒரு வரி எழுதித் தருகிறீர்களா என்று கேட்டேன். ஆகட்டுங்க, பாத்துக்கலாம் என்றார்.

மகள் எழுதிய முறையீட்டைப் பதிவுத் தபாலில் அமைப்பின் அகில இந்திய அலுவலகத்துக்கு அனுப்பினோம். முப்பது நாளில் பதில் தரவேண்டும் என்று அவர்கள் புத்தகமே சொல்கிறது. ஏப்ரலில் நினைவூட்டல். மே தொடக்கத்தில் இன்னொன்று. தொலைபேசியில் ஒரு பையன், அதிகாரி வெளியூரில் இருக்கிறார், வந்ததும் பார்ப்பார் என்றான். அவர்கள் வயதெல்லாம் இருபது இருபத்தொன்றுதான். எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பை இவ்வளவு நேர்த்தியாகத் தூங்கவைக்கக் கற்றுக்கொள்ள ஒருவனுக்குப் பதினைந்து வருடமாவது ஆகும். தலைமைப் பண்பு என்று அவர்கள் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது.

மே மூன்றாம் வாரத்தில் தலைவன் விமானம் ஏறினான். அன்று மகள் பாஸ்போர்ட்டை பீரோவில் என் சர்வீஸ் காகிதங்களுக்கு அடியில் வைத்தாள். ஜூனில், ஊரிலேயே ஒரு நூல் வியாபாரியிடம் கணக்கெழுதச் சேர்ந்தாள். கேட்டவர்களிடம் மச்சான், நான்தான் வெளிநாடு அனுப்ப மறுத்துவிட்டதாகவும், அப்பன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவந்தார். ஒரு கல்யாணப் பந்தியில் முன்பின் தெரியாத ஒருவர் அதற்காக என்னைப் பாராட்டிக் கைகுலுக்கினார்.

ஜூலை கடைசியில் தலைவன் திரும்பிவந்தான். புதிய உறுப்பினர்களுக்கான கூட்டத்தில் அவன்தான் சிறப்புப் பேச்சாளர். எங்களுக்கும் அழைப்பு வந்தது. மகள் வரவில்லை, நான் போனேன். பெண்கள் தயக்கத்தை விட்டு வெளியே வரவேண்டும், குடும்பங்கள் அவர்களை நம்பி அனுப்பவேண்டும் என்று அவன் பேசினான். கைதட்டினார்கள். பிறகு இடுப்பை ஆட்டினார்கள். வெளியே வரும்போது அவன் ஓடிவந்து, காப்பி குடித்தீர்களா என்று கேட்டான். இல்லை என்றேன். வாழ்க்கையில் அவனிடம் அந்த வார்த்தையை நேராகச் சொன்ன முதல் ஆள் நானாக இருக்கலாம். அவனுக்கு அது புரியவே இல்லை, காப்பி எடுத்துவர ஓடினான்.

அகில இந்திய அலுவலகத்தின் பதிலில் இரண்டே பத்திகள். முறையீடு ஏற்கப்பட்டது, விதி ஆறு, உட்பிரிவு இரண்டின்படி துருக்கி இடம் உங்கள் மகளுக்கே உரியது. மே மாதம் முடிவதற்குள் அவர் கிளம்பியாக வேண்டும். அந்தக் கடிதம் எங்கள் கைக்கு வந்தது அந்த வருடம் ஆடிப் பதினெட்டாம் தேதி.