சாட்சி: கமலா

‘வெள்ளிக்கிழமை. காலை 6.10. ஆயில் சரி. டயர் காற்று சரி. பிரேக் லைட் எரிகிறது. சாட்சி: கமலா.’

என் பழைய அம்பாசிடருக்காக நான் எழுதும் நோட்டில், மனைவியை ஏற்றிக்கொண்டு கடைசியாக மலை இறங்கிய நாளின் பதிவு இது.

சாட்சி எதற்கு என்கிறீர்களா? பிரேக்கை மிதிப்பவனுக்குத் தன் பின்விளக்கு தெரியாதே! ஜமுனாமரத்தூர் வீட்டிலிருந்து திருப்பத்தூர் டாக்டரிடம் கிளம்பும்போதெல்லாம் கமலா பின்னால் போய் நிற்பாள். நான் மிதிப்பேன்.

“எரியுதா?”

“எரியுது, எரியுது... கெளம்புங்க. பெரிய கலெக்டர் வண்டி!”

அவள் போய் மூன்று மாதம் ஆகிறது. சர்க்கரை.

போன வாரம் தனியாக இறங்கினேன். வளைவில் ஒரு மாடு — பிரேக் அடித்தேன். பின்னால் வந்த மினி லாரி முட்டாமல் நின்றது பெரிய விஷயம். டிரைவர் தலையை நீட்டினார்.

“யோவ் பெர்சு! பின்னாடி லைட்டே எரியல. இன்னா, போறப்ப தொணைக்கு என்னையும் இட்டுனு போலாம்னு பாக்குறியா?”

நேராக மெக்கானிக் சலீம் பாயின் பட்டறைக்குப் போனேன். பிரேக் ஆயில் குழாயில் திருகியிருக்கும் சின்ன ஸ்விட்ச்தான் அந்த விளக்கை எரிய வைப்பது. கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். முனையெல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

“இது செத்து நாளாச்சு சார்.”

“எத்தனை நாள் பாய்? மூணு மாசம் முன்னாடி எரிஞ்சிருக்குமா?”

“அத எப்டிங்க சொல்றது? எரிஞ்சும் இருக்கலாம். ரெண்டு வருசமா எரியாமயும் இருக்கலாம். இன்னா சார், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டா கேக்குறீங்க?”

சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் கடைசியில்தான் சொன்னார் — சர்க்கரை அவள் கண்ணைத் தொட்டு வெகு நாளாகியிருக்கும் என்று. கமலா சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. அப்படியானால் வண்டிக்குப் பின்னால் நின்று அவள் பார்த்தது என்ன? சிவப்பா... வெறும் மங்கலா? ‘எரியுதா’ என்று நான் கேட்டதற்காக ‘எரியுது’ என்றாளா?

டயர் காற்று வரை எழுதியவன் நான். அவள் கண்ணைப் பற்றி அந்த வீட்டில் எந்த நோட்டிலும் ஒரு வரி இல்லை.

புது ஸ்விட்ச் மாட்டியாயிற்று. பாய் பின்னால் போய் நின்று, “எரியுதுங்க!” என்று கத்தினார். சாட்சி: சலீம் பாய் என்று எழுதினேன்.

பிறகு பக்கத்தைத் திருப்பி, பழைய பதிவின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: ‘எரிந்ததா, தெரியாது. சரிபார்க்கப்படவில்லை.’

சாட்சியின் பெயரை மட்டும் அடிக்கவில்லை.