மூன்று கணக்கில் ஒரே தையல்

கமுதியில் ஒரு மிளகாய் வத்தல் கிட்டங்கியில், அதாவது கிடங்கில், மூட்டைகளுக்கு வாய் தைப்பது என் வேலை. பத்தாவது வரை படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் துறைமுகத்திலிருந்து கணக்கெடுக்க ஒரு மேடம் வந்தபோது முதலாளி என்னைக் கூட அனுப்பினார். நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுவதுதானே என்று போனேன்.

இப்போது சரக்கெல்லாம் லாரியில் தூத்துக்குடிக்குப் போகிறது. நம் கரையிலுள்ள சின்னத் துறைமுகத்துக்கே கப்பல் வந்தால் மாதம் எத்தனை கன்டெய்னர் அனுப்புவீர்கள்? இதுதான் கேள்வி. கணக்கு கூடினால் கப்பல் வரும். கப்பலை நம்பி முதலாளி கிட்டங்கியைக் காலி செய்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இடம் பிடிக்க இருந்தார்.

முதலில் வத்தல் கொள்முதல் செய்யும் வியாபாரியிடம் போனோம். ஆறு என்றார். எங்கள் முதலாளியும் ஆறு என்றார். கடைசியாகக் கடற்கரை ஊரில் ஒரு ஏற்றுமதிக்காரர். அவரும் ஆறு. பதினெட்டு என்று எழுதினேன்.

அங்கே அடுக்கியிருந்த மூட்டைகளைச் சும்மா பார்த்தேன். ஒவ்வொன்றின் வலது காதிலும், தையல் முடியும் மூலையில், நூல் மூன்று சுற்று. ஒரு விரல் மடங்காததால் நான் மட்டும் போடும் சுற்று அது.

வியாபாரி வாங்குவதை நாங்கள் சுத்தம் செய்து தைக்கிறோம், இவர் அனுப்புகிறார். எங்கள் பக்கம் தன் கையைத் தாண்டிப் போகும் மூட்டை எல்லாமே ‘நம்ம சரக்கு’தான். யாரும் பொய் சொல்லவில்லை.

மேடத்திடம் நான் வாய் திறக்கவில்லை. கிட்டங்கி இடம் மாறினால், அவ்வளவு தூரம் போய்வர முடியாமல் என்னோடு சேர்த்துப் பத்துப் பெண்களுக்கு வேலை போகும். அதற்காகத்தான் சொல்கிறாள் என்பார்கள். அதற்காகத்தானா என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாம் நாள் முதலாளி புது இடத்துக்குக் கையெழுத்துப் போடக் கிளம்பினார். வாசலில் போய் நின்றேன்.

"முதலாளி, பதினெட்டு இல்ல. ஆறுதான்."

கூட நின்ற எங்கள் கணக்குப்பிள்ளை சிரித்தார். "பாத்தியளா! வேல போயிரும்னு ஆத்தா கப்பலுக்கே வாயத் தச்சுருச்சு!"

"அதுக்காகவும் இருக்கும்ணே," என்றேன். "ஆனா அங்க மூட்டையில என் தையல முதலாளியே வந்து பாக்கட்டும்."

ஏற்றுமதிக்காரரின் கிட்டங்கிக்கு முதலாளி என்னையும் கூட்டிப் போனார். ஒரு மூட்டையின் காதைப் பிடித்துச் சுற்றுகளைத் தடவினார். அடுத்த மூட்டை, அதற்கடுத்த மூட்டை.

"யா அல்லா, ஒரே சரக்க மூணு தடவ எண்ணிருக்கமே!"

மேடம் மறுபடி வந்தார். இந்த முறை ஒவ்வொரு கடையிலும், "யாருகிட்ட வாங்குறீக, யாருக்குக் குடுக்குறீக?" என்று நானே கேட்டேன். அந்தக் கணக்குக்குக் கப்பல் வராது என்று துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள். முதலாளி கையெழுத்துப் போடவில்லை.

கப்பலை அவர் அவ்வளவு ஆசையாக எதிர்பார்த்திருந்தார். வேலை போகாததில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் பக்கத்தில் வரும்போதெல்லாம் தலையைக் குனிந்து தைத்தேன்.